விளக்கெண்ணெய் வண்டி

நானூற்றுப் பதினெட்டு ரூபாய் எழுபத்தைந்து காசு. மங்கலத்து உலகநாதன் எனக்குத் தர வேண்டியிருந்தது அவ்வளவு. இதில் நானூற்றுப் பதினெட்டு கூலி. எழுபத்தைந்து காசு, துரு தேய்க்கிற உப்புத்தாள் வாங்க என் இடுப்பிலிருந்து நான் எடுத்துப் போட்டது. அவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே பேசுவார். நான் பிரித்தே வைத்திருந்தேன். கூலி அவர் கையில் இருக்கிற காசு. உப்புத்தாள் காசு என் கையில் இருந்த காசு.

நான் கரும்பு வெட்டுகிறவன். வெட்டு இல்லாத நாளில் வரப்புக் கழிப்பேன், எரு சுமப்பேன், சொன்னதைச் செய்வேன். சொன்னதைச் செய்கிறவன் என்பதால்தான் கார் வேலைக்கும் என்னைக் கூப்பிட்டார்கள்.

உலகநாதனின் அப்பா, பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது ஒரு துரையிடம் பெஜோ கார் ஒன்றை வாங்கினாராம். அவர் செத்த பிறகு அதை யாரும் தொடவில்லை. மாட்டுக்கொட்டகையின் கடைசியில் வைக்கோலுக்கும் உர மூட்டைக்கும் நடுவில் கிடந்தது. கறுப்பு வண்டி என்று சொல்வார்கள். நான் பார்த்தபோது அது இன்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. கூரை முழுக்கக் கோழி எச்சம், காய்ந்த கூழ் மாதிரி அடை அடையாக. மாடுகள் உரசி உரசி ஒரு பக்கக் கதவு சாணியால் மெழுகின சுவர் போல இருந்தது.

கதவைத் திறந்தேன். நான் சாக்கடை அள்ளியிருக்கிறேன். செத்த மாட்டைக் காலில் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். அந்த நாற்றமெல்லாம் வெளிக்காற்றில் கிடப்பவை. இது வருஷக்கணக்கில் கதவைச் சாத்தி ஊற வைத்த நாற்றம். சீட்டைப் பிரித்தால் உள்ளே எலிக் குஞ்சுகள், கண் திறக்காமல், உரித்த இறால் போல நெளிந்தன. அதற்குக் கீழே பழைய எலிகளின் எலும்பு. அதற்கும் கீழே கையை விட்டபோது ஒரு கூமுட்டை உடைந்து முழங்கை வரை வழிந்தது. எனக்கு வாந்தி வந்துவிட்டது.

கொட்டகை வாசலில் நின்றிருந்த உலகநாதன் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு சொன்னார்: "வண்டிக்குள்ள எடுக்காதடா. வெளிய போய் எடு. அப்புறம் அதை வேற கழுவணும்."

அவருக்கு இந்த வண்டி ஆசை வந்ததற்குக் காரணம் அவருக்கு மச்சான் முறையான குழந்தைவேல். கரும்புப் பணத்தில் புது அம்பாசிடர் வாங்கி, கோயிலுக்குப் போகிற நூறு கஜத்துக்கும் அதில்தான் போய் இறங்கினார். உலகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. புதுக் கார் வாங்கப் பணம் கிடையாது. அப்பா விட்டுப்போன காரைச் சரிபண்ணி, அதே வில்லியனூர் ரோட்டில் அம்பாசிடரை முந்திக்கொண்டு போக வேண்டும். அதுதான் அவர் வேண்டுதல்.

எனக்கு இருந்த வேண்டுதல் ஒரு சைக்கிள். மதகடிப்பட்டுப் பக்கம் நூல் மில்லில் சிங்காரவேலு என்று ஒரு மேஸ்திரி, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பஞ்சு மூட்டை இறக்க ஆள் வேண்டும் என்றார். வாரம் தவறாமல் கூலி. ஆனால் விடியற்காலை ஷிப்டு. "பஸ்ஸை நம்பினு வர்றவன் எனக்கு வேணாம். சைக்கிள் இருந்தா வா. மாசி கடைசி வரைக்கும் வேற ஆளைப் போடாம பார்த்துக்கறேன்" என்றார்.

மதகடிப்பட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த அப்துல் ஹலீம் பாய் கடையில் ஒரு சைக்கிள் நின்றது. கேரியர் பலமானது. பிரேக் கட்டை ஒன்றுதான் இல்லை. இருநூற்று இருபது ரூபாய் சொன்னார். கார்க் கூலி வந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவரும் மாசி வரைதான் தவணை கொடுத்தார். முதுகு ஒடியக் கரும்பு வெட்டின உடம்புக்கு அந்தச் சைக்கிள்தான் வழி.

இன்ஜின் வேலைக்கு நிஜாமுதீன் என்கிற பம்புசெட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் கையை நீட்டுவார். அன்றைய காசு கையில் விழுந்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவார். உலகநாதனும் அவருக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். எனக்கு மட்டும் சாயங்காலம், "சேர்ந்து வாங்குனாதாண்டா காசு காசா இருக்கும்" என்பார்.

நான் துருவைச் சுரண்டினேன். மண்ணெண்ணெயில் ஒவ்வொரு சாமானாகக் கழுவினேன். வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, ஈரச் சாணித் தரையில் முதுகை வைத்து, மேலேயிருந்து உதிர்கிற கரியையும் எலிப் புழுக்கையையும் கண்ணிலும் வாயிலும் வாங்கிக்கொண்டேன். உப்புத்தாள் தீர்ந்துபோன அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. வேலை நிற்கக் கூடாதே என்று நானே கடையில் வாங்கினேன். மத்தியானச் சோறு அங்கேயே. எனக்கென்று ஓர் அலுமினியத் தட்டு கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருந்தது. அதில் பல்லி எச்சம் இருக்கும். அதைத் துடைத்துவிட்டு ஏந்தினால், உலகநாதனின் சம்சாரம் கனகாம்பாள் சற்று உயரத்திலிருந்து சோற்றைப் போடுவார். வீட்டில் போய்ச் சாப்பிட்டாலும் கையில் அந்தக் கூமுட்டை வாசனை போகவில்லை. என் சம்சாரம் காசம்மாள் எனக்குத் தனியாகத் தலையணை போட்டாள்.

பொங்கலுக்கு முன்னால் வண்டிக்கு நின்ற இடத்திலேயே உயிர் வந்துவிட்டது. பின்பக்கக் குழாயிலிருந்து முதலில் ஒரு செத்த ஓணானும், அப்புறம் கரும்புகையும் வெளியே வந்தன. நிஜாமுதீன் பாய், "இன்ஜின் நல்ல ஜாதி. மெதுவா ஓட்டினா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். நான் வண்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பு கொண்டுவந்திருந்தேன். முன் மூடியில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை, ஆனால் தெரிந்தது.

கூலி கேட்டேன்.

"பொங்கல் கழிச்சு வாங்கிக்க."

பொங்கல் கழிந்தது. போனேன்.

"வெல்லம் போட்ட காசு வரணும்டா. தை கழியட்டும்."

முதியோர் பள்ளியில் கழித்தல் கணக்கு போட்டபோது மேல் எண் சின்னதாக இருந்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கழி என்று வாத்தியார் சொல்லித் தந்திருந்தார். அவர் கணக்கில் நான்தான் பக்கத்து வீடு என்பது எனக்கு அப்போது படவில்லை.

தை மாதத்தில் பாரிசிலிருந்து அவருடைய சின்னம்மா மகன் ஒருவர் வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் கொண்டுவந்த வழவழப்பான புத்தகத்தில் கார்ப் படங்கள். ஒரு படத்தைக் காட்டி, "இதுல டர்போ வெச்சிருக்கான். பிளசர் கார் இல்ல, பிளேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் பிராந்தியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். உலகநாதன் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மாட்டு வண்டியில் ஒரு சாமான் வந்து இறங்கியது. பெரிய பூசணிக்காய் அளவு, இரும்பில் வார்த்த நத்தை. இரண்டு நத்தையை முதுகோடு முதுகு ஒட்டினது மாதிரி. ஓட்டையில் பார்த்தால் உள்ளே விசிறி.

"ஹலீம் பாய் கடையில முந்நூறு ரூபாய்க்குத் தூக்கினு வந்துட்டேன்" என்றார்.

நிஜாமுதீன் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இது புல்டோசருது முதலாளி. புகை போற வேகத்துல இந்தப் பக்கம் விசிறி சுத்தும். அது அந்தப் பக்கம் விசிறியைச் சுத்தும். அது காத்தை இன்ஜினுக்குள்ள அடிக்கும். எல்லாம் சரி. ஆனா இதைச் சுத்த வெக்கிற அளவுக்கு நம்ம வண்டி மூச்சு வுடாது."

"அது வுடலன்னா நாம வுட வெப்போம். பாய், உனக்கு வேணும்னா சேர்த்துக் குடுக்கறேன்."

பாய் கையை நீட்டினார்.

நான் தயங்கித் தயங்கி, "ஐயா, என் கூலி" என்றேன்.

உலகநாதன் அந்த இரும்பு நத்தையைத் தட்டிக் காட்டினார். "உன் காசு எங்கயும் போவலடா செல்லப்பா. இதோ, டர்போவுல தான் கெடக்குது. வண்டி ஓடுச்சுன்னா ஊரே பார்க்கும். அப்ப எடுத்து வீசறேன்."

இதை நிஜாமுதீன் பாயும் கேட்டார், கொட்டகை வாசலில் நின்ற கனகாம்பாளும் கேட்டார். வீட்டில் சொன்னேன். காசம்மாள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குதுய்யா. நாளைக்கு அரிசி வாங்கப் போறப்ப நானும் சொல்றேன், என் காசு டர்போவுல கெடக்குதுன்னு" என்றாள்.

அந்தச் சாமானைப் பொருத்தினால் முன் மூடி மூடவில்லை. மூடியில் வட்டமாக ஓட்டை போடச் சொன்னார். நான் முகம் தெரியத் தேய்த்த தகடு. உளியை வைத்து அடித்துக் கிழித்தோம். ஓரமெல்லாம் ரம்பம் போல நீட்டிக்கொண்டு நின்றது. அந்த ஓட்டை வழியாக நத்தை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் கட்டி வந்த மாதிரி.

விசிறி சுற்றுகிறதா என்று பார்க்க உலகநாதன் குனிந்து வாயை வைத்து ஊதினார். வெற்றிலை போட்ட வாய். எச்சில் உள்ளே தெறித்து விசிறி இலையில் சிவப்பாக ஒழுகியது. "துடைடா" என்றார். என் துண்டால் துடைத்தேன். அவரும் அதே துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு என் தோளில் போட்டார். நான் அதை அன்றைக்கு வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தேன்.

நத்தைக்கு எண்ணெய் போகச் செம்புக் குழாய் வேண்டியிருந்தது. அதை வாங்க என்னை ஹலீம் பாய் கடைக்கு அனுப்பினார்கள். பாய் குழாயை அளந்துகொண்டே, "உங்க ஆளு அந்த டர்போவை மாட்டிட்டாரா? அவசரப்பட்டுக் குடுத்துட்டேன். ஏரிக்கரை வேலைக்கு புல்டோசர் வெச்சிருக்க கான்ட்ராக்டர் ஒருத்தர் அதையே கேட்டு ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டார்" என்றார். சொல்லிவிட்டுச் சைக்கிளைக் காட்டினார். "இதுக்கும் ஆள் வந்தாச்சுபா. மாசி வரைக்கும்னு சொன்னேன், அதனால வெச்சிருக்கேன்."

சைக்கிளின் ஹேண்டில்பாரில் யாரோ ஈரக் கோணியைக் காயப்போட்டிருந்தார்கள். எடுத்துக் கீழே போட்டுவிட்டு வந்தேன்.

வண்டி ஓடியது. முன்னைவிட மோசமாக ஓடியது. நத்தைக்குள் விசிறி, கரண்டு குறைந்த நேரத்து ஃபேன் போல, மனசு வந்தால் சுற்றும். அதன் இடுக்கிலெல்லாம் எண்ணெய் ஒழுகியது. ஊற்றின எண்ணெய் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். டின் டின்னாக எண்ணெய் வாங்க உலகநாதனுக்கு வயிறு எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நிஜாமுதீன் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம். உலகநாதன் ஒரு மண்பானையைத் தானே தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பானை நிறைய விளக்கெண்ணெய். அவர் வரப்பில் விளைந்த ஆமணக்கு, கனகாம்பாள் இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுத்தது.

பின்னாலேயே கனகாம்பாள் ஓடிவந்தார். "அய்யே, அது பசங்களுக்கு வெச்சது. லீவுக்கு வந்தா வயித்தைக் கழுவ வேணாமா?"

"நீ உள்ள போ. பாரிசுல ரேஸ் வண்டிக்கு இதைத்தான் ஊத்துறான், தம்பி சொன்னான். எங்க அப்பா காலத்துல மாட்டு வண்டி அச்சுக்கு இன்னா போட்டோம்? விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும். ஒரு அச்சு தேய்ஞ்சுதா?" என்னைப் பார்த்து, "ஊத்துடா" என்றார்.

"பாய் வந்துடட்டும்ங்க ஐயா."

"நீ இன்னா இஞ்சினீரா? ஊத்துன்னா ஊத்து."

ஊற்றினேன். கொழகொழவென்று இறங்கியது. அடியில் தங்கின கசண்டும் தண்ணீரும் கூட இறங்கின. "பானையில ஒட்டினு இருக்கறதை வழிச்சு ஊத்துடா" என்றார். விரலால் வழித்து ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். வண்டிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழித்தார்கள். பூசணிக்காயை உடைத்தவன் நான். உள்ளே அழுகியிருந்தது. புழுவோடு சேர்ந்து சாறு என் கால் மேல் தெறித்தது. கனகாம்பாள் முகம் சுளித்தார். "திருஷ்டி எல்லாம் அதுலயே போயிடுச்சு" என்று உலகநாதன் சமாளித்தார்.

நிஜாமுதீன் இன்ஜினைக் கிளப்பினார். புகை வெள்ளையாக வந்தது. மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்து முகர்ந்தார். கம்பியை இருந்த இடத்திலேயே சொருகிவிட்டு, கையை வைக்கோலில் துடைத்துக்கொண்டு, சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க பாய் போற?"

"என் கூலி வந்துடுச்சு முதலாளி. நான் இதுல ஏற மாட்டேன்."

"ஏன், இன்னா ஆயிடுச்சு?"

"இன்ஜின் எண்ணெயோட விளக்கெண்ணெய் சேராது. வண்டிக்கு இன்னைக்கு வயிறு போகும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

உலகநாதனே ஓட்டினார். ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர்க் கேனை என் மடியில் கொடுத்து என்னைப் பின்னால் உட்கார வைத்தார். சீட்டில் புது ரெக்சின் போட்டிருந்தார்கள். அதற்குள்ளிருந்து பழைய எலி நாற்றம் என் உடம்புச் சூட்டுக்கு எழுந்துவந்தது.

வில்லியனூர் ரோட்டில் திரும்பியதும், முன்னால் குழந்தைவேலின் அம்பாசிடர் போவது தெரிந்தது. உலகநாதன் அதன் நேரத்தைத் தெரிந்துகொண்டுதான் கிளம்பியிருந்தார். "இப்பப் பாருடா" என்று காலை அழுத்தினார். முன்னால் நத்தை முதல்முறையாக ஊளையிட்டது. வண்டி ஒரு எட்டு முன்னே பாய்ந்தது. அவ்வளவுதான். அடுத்த நொடி ஓட்டைக்குள்ளிருந்தும் பின்குழாயிலிருந்தும் வெள்ளைப் புகை மேகம் போல எழுந்து பஸ் நிறுத்தத்தை மூடியது.

சூடான விளக்கெண்ணெய் வாசனை. எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து, தொடையில் இறுக்கி, சங்கில் அந்த எண்ணெயைக் குடிக்காமல் வளர்ந்தவர்கள் கிடையாது. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் குமட்டியது. கூடைக்காரி ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஓடினாள். வேட்டி கட்டின ஒரு பெரியவர் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். உலகநாதனும் ஓங்கரித்துக்கொண்டே ஓட்டினார்.

புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "வண்டிக்குப் பேதி குடுத்துட்டானுங்கடா."

சிரிப்பும் இருமலும் சேர்ந்து எழுந்தபோது, முன்னால் ஏதோ கடகடவென்று அடித்துக்கொண்டது. அப்புறம் இரும்பை இரும்பு கடித்துப் பிடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி நிறுத்தத்துக்கு எதிரிலேயே நின்றது. அடியிலிருந்து பழுப்பாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக ரோட்டில் ஒழுக ஆரம்பித்தது. பார்க்க எப்படி இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

முன்னால் போன அம்பாசிடர் பின்னுக்கு வந்து பக்கத்தில் நின்றது. குழந்தைவேல் கண்ணாடியை நாலு விரல் அளவு மட்டும் இறக்கி, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னா மச்சான், வயிறு சரியில்லையா?"

அவர் போன பிறகு உலகநாதன் இறங்கினார். சுற்றி நின்ற ஜனத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "எவன்டா எண்ணெய் ஊத்துனது?"

"நீங்க சொல்லி நான்தான் ஊத்துனேன்."

"ஊத்துனது நீதானே. கேட்டீங்களா? நான் கடையில வாங்கி வெச்ச டின்னை வுட்டுட்டு, இந்த நாயி வூட்டுல இருந்த விளக்கெண்ணெயை ஊத்திட்டான்."

ஜனம் என்னைப் பார்த்தது. சிலர் காறித் துப்பினார்கள். வாயில் ஊறின எண்ணெய்க் குமட்டலுக்கா, எனக்கா என்று தெரியவில்லை. நான் கேனிலிருந்த தண்ணீரால் வாயைக் கொப்பளித்தேன்.

மாடு கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்தோம். வாசலிலேயே சொல்லிவிட்டார். "வண்டி போச்சு. எல்லாத்தையும் உன் கூலியில கழிச்சுக்குவேன்."

வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மாசி முடிய ஒரு வாரம்கூட இல்லை. காசம்மாள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் தொடவில்லை.

"ஊரெல்லாம் சிரிக்குது. நான் சிரிக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். காசு டர்போவுல கெடக்குதுன்னு சொன்னார்ல?"

"சொன்னார்."

"அப்ப இங்க படுத்துக்கினு இன்னாத்துக்கு அழுவுற? போய் அதைத் தூக்கினு வா."

கேலிக்குத்தான் சொன்னாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து உலகநாதன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட முடிவு பண்ணினார். நிஜாமுதீன் வந்து பார்த்து, இன்ஜினைப் பிரிக்கவே முடியாது, உள்ளே எல்லாம் கோந்து ஆகிவிட்டது என்று கையை விரித்துவிட்டார். அதற்கும் காசு வாங்கிக்கொண்டுதான் விரித்தார். கரும்பு டிராக்டரில் சங்கிலி போட்டுக் கட்டினோம். சங்கிலி பிடிக்க, தள்ள, நான்தான் வேண்டும். போனேன். அதற்குக் கூலி உண்டா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மதகடிப்பட்டில் ஹலீம் பாய் வண்டியைச் சுற்றிவந்தார். ஓட்டை விழுந்த முன் மூடியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "நல்லா இருந்த வண்டி. இன்னா கொலை பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு வியாபாரம் பேசினார். மொத்தமாக எடை. அழுக்குக்கும் மண்ணுக்கும் எண்ணெய்க் கசடுக்கும் நாற்பது கிலோ கழிவு.

"நாப்பதா? அநியாயம் பாய். இவன் மூணு மாசம் கழுவியிருக்கான்" என்று உலகநாதன் என்னைக் காட்டினார்.

அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த வேலைக்கு அவர் வாயிலிருந்து நான் கேட்டது. அதுவும் எடைக்காக.

முப்பது கிலோ கழிவில் முடிந்தது. எடை போடுவதற்கு முன்னால் நான் நடுவில் போய் நின்றேன். "ஐயா, என் கணக்கு."

"இன்னா கணக்கு? கழிஞ்சு போச்சுன்னு சொன்னேன்ல?"

"என் காசு டர்போவுல கெடக்குதுன்னு சொன்னீங்க. நிஜாமுதீன் பாய் இருந்தார், அம்மா இருந்தாங்க. வண்டியை நீங்க போட்டுக்குங்க. அதை மட்டும் கழட்டிக்கறேன்."

உலகநாதன் அந்த நத்தையைப் பார்த்தார். அவர் மானத்தை வாங்கினது அது. அதன் மேல் காய்ந்த எண்ணெயும் பறந்து ஒட்டின பூச்சியும். இரும்பு விலைக்கு அது எவ்வளவு வரும் என்று அவர் உதடு கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. நாற்பது ரூபாய்கூட வராது. நாற்பது ரூபாய்ச் சாமானில் நானூறு ரூபாய்க் கடன் தீருகிறது.

"எடுத்துக்கினு போடா, சனியனை. பாய், நீதான் சாட்சி. இதோட இவன் கணக்கு தீந்துச்சு."

பாயின் கண் மட்டும் ஒருமுறை நத்தை மேல் போய்வந்தது.

ஸ்பானர் கேட்டு வாங்கி, நான் மாட்டின போல்ட்டுகளை நானே கழற்றினேன். விளக்கெண்ணெய் தேன் போல இறுகிப் பிடித்திருந்தது. நகத்துக்குள்ளெல்லாம் போயிற்று. தூக்கிக்கொண்டு போய், வண்டி எடை முடிந்து உலகநாதன் கையில் பணம் விழுகிற நேரத்தில், பாய் முன்னால் வைத்தேன்.

"பாய், ஏரிக்கரை கான்ட்ராக்டர் இன்னும் கேக்கறாரா?"

பாய் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். அழுத்திப் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டு சுற்றியது, ஆனால் ஆட்டம் இல்லை. அந்த வண்டியில் வேலையே செய்யாத ஒரே சாமான் அதுதான். அதனால் அது மட்டும் கெடவில்லை.

"கேக்கறார். மண்ணெண்ணெயில ஊறப் போடணும். பாரு, இன்னா நாத்தம் நாறுது" என்றார். கையைக் கோணியில் துடைத்துக்கொண்டார். "சைக்கிளை எடுத்துக்கோ."

"மேல போட்டுக் குடுங்க பாய். நீங்க இதை முந்நூறுக்கு வித்தீங்க."

"வித்தேன். வாங்கறப்போ அந்த விலையா? இஷ்டம்னா எடு. பங்குனி பொறக்கப் போவுது."

அவர் அதை ஐநூறுக்குக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சைக்கிளை எடுத்தேன். பிரேக் கட்டை இன்னும் இல்லை.

உலகநாதன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது ரூபாய் இரும்பு என்று நினைத்தது சைக்கிளானது அவர் தொண்டையில் நின்றது. "பார்த்தியாடா, என்னால உனக்கு சைக்கிள் வந்துச்சு. கணக்கு முடிஞ்சுதுல்ல? அப்புறம் எவன் கிட்டயாவது பாக்கி கீக்கின்னு சொன்ன, நல்லா இருக்காது."

என் கூலியில் இருநூற்று இருபது போக மீதி எவ்வளவு என்று மனதுக்குள் போட்டேன். விடை வந்தது. அதற்காக இன்னும் எத்தனை தடவை அந்த வாசலில் நிற்க வேண்டும், அந்தத் தட்டைத் துடைக்க வேண்டும் என்றும் போட்டேன்.

"கூலி பாக்கியைக் கழிச்சுட்டேன் ஐயா. இனிமே கேக்க மாட்டேன். ஆனா உப்புத்தாள் காசு கூலி இல்ல. என் கைக்காசு. அந்த எழுபத்தஞ்சு காசை மட்டும் குடுங்க."

பாய் கடையில் இரும்பு பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உலகநாதன் முகம் கறுத்தது. மடியிலிருந்த நோட்டுக்கட்டை ஒரு பக்கம் ஒதுக்கி, அடியில் துழாவினார். வெற்றிலைக் காம்பும் சுண்ணாம்பும் ஒட்டின ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் கையில் படாமல் சைக்கிள் கேரியர் மேல் வைத்தார்.

நான் எடுத்துத் துடைத்தேன். சைக்கிளைத் தள்ளத் திரும்பினேன்.

"டேய்" என்றார்.

நின்றேன். கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மீதி நாலணாவைக் குடுத்துட்டுப் போ."

இடுப்பிலிருந்து நாலணாவை எடுத்து அந்த உள்ளங்கையில் போட்டேன். அவர் அதை மூடிக்கொண்டார். கணக்கு தீர்ந்தது.